பிக்கப்பின் பாடியைச் சேஸிஸ் மீது இறக்குவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

என்னுடைய 1994 நிஸான் ஹார்ட்பாடி பிக்கப்பின் பாடியை இரண்டே முக்கால் அங்குலம் கீழே இறக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதில் தகடு வெட்டியது இரண்டே நாள். மற்ற நாள்களில் பாதியாவது, எதற்குப் பிறகு எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாததால் போனது. நான் தென் கலிபோர்னியாவில் ரிவர்சைடு பக்கம் இருக்கிறேன். சட்டம், கட்டணம் பற்றி எழுதியிருப்பதெல்லாம் கலிபோர்னியாவுக்குப் பொருந்தும். வேறு மாநிலத்தில் இருந்தால் அந்தப் பகுதிகளை மட்டும் உங்கள் ஊர் விதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள்) போட்ட பிக்கப்பில் காற்றை வெளியேற்றினால் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், தரையில் படுக்கும். அப்போதும் கதவுக்குக் கீழே உள்ள விளிம்புத் தகடு தரையைத் தொடாது. கேபின் சேஸிஸுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் மூன்று அங்குலம்போல இடைவெளி தெரியும். கேபினின் தரைத் தகட்டை வெட்டி, சேஸிஸ் உள்ளே ஏறும்படி பாடியை இறக்கி அந்த இடைவெளியை மூடுவதைத்தான் பாடி டிராப் என்கிறார்கள். ஏர் சஸ்பென்ஷன் போட்டு, சேஸிஸ் நான்கு மூலையிலும் தரையில் படும் நிலைக்கு வந்த பிறகே இந்த வேலைக்கு வாருங்கள். அது இல்லாமல் பாடியை மட்டும் இறக்குவதில் பயனில்லை.

1. கிரைண்டரைத் தொடுவதற்கு முன் காகிதங்கள்

வண்டியின் பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட பத்திரத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு வேலை தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். வெட்டிய வண்டிக்குப் பெயர் மாற்றுவது, வெட்டாத வண்டிக்குப் பெயர் மாற்றுவதைவிடப் பல மடங்கு சிரமம்.

அடுத்தது வண்டி அடையாள எண். டாஷ்போர்டில் தெரியும் 17 இலக்க எண்ணைத் தவிர, நிஸான், டொயோட்டா போன்ற ஜப்பானியப் பிக்கப்புகளில் சேஸிஸ் தண்டின் மீதும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். துருவையும் கிரீஸையும் துடைத்துவிட்டு அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். படம் எடுங்கள். சுற்றிலும் பெயின்ட் நாடா ஒட்டி, "தொடாதே" என்று எழுதிவையுங்கள். அந்த எண்ணைத் தெரிந்தே அழிப்பதும் மாற்றுவதும் கூட்டரசுச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தெரியாமல் கிரைண்டர் பட்டு அழிந்தாலும், அதை விளக்கிச் சொல்லும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

வேலை நடக்கும் மாதங்களில் வண்டி சாலைக்கு வராது என்றால், வாகனப் பதிவுத் துறையான டி.எம்.வி.யில் பி.என்.ஓ. எனப்படும் "இயக்காமல் நிறுத்திவைக்கும்" அறிவிப்பைக் கொடுத்துவிடலாம். பதிவு காலாவதியாகும் நாளுக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். முழுப் பதிவுக் கட்டணத்தோடு பார்த்தால் சிறு தொகைதான். பலர் சிக்கும் இடம் இதற்குப் பிறகு வருகிறது: பி.என்.ஓ. கொடுத்த வண்டியைத் தெருவில் நிறுத்தவே கூடாது, ஓட்டவும் கூடாது. புகைச் சோதனைக்கு ஓட்டிப்போக வேண்டுமானால் ஒரு நாளுக்கான அனுமதிச்சீட்டை டி.எம்.வி.யில் வாங்க வேண்டும். அல்லது இழுவை வண்டியில் ஏற்ற வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். சாதாரணப் பாலிசி வண்டியின் சந்தை மதிப்பைத்தான் கொடுக்கும்; முப்பது வயதுப் பிக்கப்பின் சந்தை மதிப்பு உங்கள் இரும்புச் செலவுக்குக்கூடக் காணாது. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பைத் தரும் பாலிசிகள் உண்டு. அவர்கள் படங்களும் ரசீதுகளும் கேட்பார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு ரசீதையும் ஒரே உறையில் போட்டுவையுங்கள். மூன்றாம் நபர் காப்பீட்டின் குறைந்தபட்சத் தொகை 2025 ஜனவரி முதல் ஒருவரின் காயத்துக்கு 30,000, ஒரு விபத்தின் மொத்தக் காயங்களுக்கு 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000 டாலர் என்று உயர்ந்திருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. எந்த முறை

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கேபின் தரையை வெட்டி உயர்த்துவது. மற்றது, தரையை அப்படியே விட்டுவிட்டுச் சேஸிஸை மாற்றிக் கட்டுவது. இரண்டாவதில் உள்ளே இடம் குறையாது, இருக்கை மாறாது. ஆனால் வண்டியின் முதுகெலும்பையே வெட்டி ஒட்டுகிறீர்கள். அந்தப் பற்றவைப்பு விட்டுப்போனால் உயிர் போகும். முதல்முறை செய்பவர் அதைத் தொட வேண்டாம். இந்தக் கட்டுரை முதல் வழியைப் பற்றியது.

3. அளவு: இங்கேதான் எல்லாம் முடிவாகிறது

காற்றை முழுக்க இறக்கி, சேஸிஸ் தரையில் படுத்த பிறகு, கதவடி விளிம்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நான்கு இடத்தில் அளங்கள். என் கராஜின் தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்தது, மழைநீர் வடிவதற்காக. அது தெரியாமல் நான் எடுத்த முதல் அளவுகளில் முன்னுக்கும் பின்னுக்கும் அரை அங்குல வித்தியாசம் வந்தது. மட்டப்பலகை வைத்து, சேஸிஸுக்கு அடியில் தகடு செருகிச் சமன்செய்த பிறகு திரும்ப அளந்தேன்: முன்னால் மூன்றேகால், பின்னால் மூன்று.

கிடைத்ததில் சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் கால் அங்குலம் குறையுங்கள். வண்டி படுக்கும்போது எடையைச் சேஸிஸ்தான் தாங்க வேண்டும். விளிம்புத் தகடு முதலில் தரையைத் தொட்டால் ஒரே மாதத்தில் அது மடங்கி, கதவு உரச ஆரம்பிக்கும். அப்படித்தான் எனக்கு இரண்டே முக்கால் வந்தது.

இந்த எண் கிடைத்தவுடன், வெட்டுவதற்கு முன்பே, இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

முதல் சோதனைக்கு மரப்பலகை போதும். தரை உயர்ந்தால் இருக்கையும் அதோடு உயரும், கூரை அப்படியே இருக்கும். அதே கனத்துக்குப் பலகைகளை அடுக்கி இருக்கையின் மீதும் கால் வைக்கும் இடத்திலும் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். நான் ஐந்தடி பத்து அங்குலம். தலை கூரைத் துணியில் உரசியது. அதைவிடப் பெரிய சங்கடம் காலில் இருந்தது: குதிகால் உயர்ந்துவிட்டது, பெடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கிளட்சை மிதிக்கக் கணுக்காலை முறுக்க வேண்டியிருந்தது. இருக்கையின் கால்களைக் குட்டையாக்க வேண்டும், பெடல் தண்டை வளைக்க வேண்டும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இரண்டாவது சோதனைக்குக் குழந்தைகள் விளையாடும் களிமண் வாங்குங்கள். இன்ஜின் சேஸிஸோடு நிற்கும், பானெட் பாடியோடு இறங்கும். ஏர் கிளீனர், வால்வு மூடி, பேட்டரி முனை, ரேடியேட்டர் மூடி ஆகிய நான்கின் மேலும் களிமண்ணை உயரமாகக் குவித்து, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கி மிஞ்சிய கனம்தான் உங்களிடம் இருக்கும் இடைவெளி. இறக்கப்போகும் அளவோடு ஒரு முக்கால் அங்குலம் கூட்டி, அதைவிடக் குறைவாக எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் எல்லாம் வேலை இருக்கிறது. இன்ஜின் ரப்பர் மீது நிற்பதால் ஆடும்; அந்த முக்கால் அங்குலம் அதற்காக.

4. பெட்ரோலும் நெருப்பும்

பெட்ரோல் டாங்கைக் கழற்றி வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். காலியான டாங்க்தான் அதிக ஆபத்து. உள்ளே நிரம்பியிருப்பது ஆவி. தண்ணீர் சூடாக்கும் எரிவாயுக் கொதிகலன் கராஜிலேயே இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. அதன் சுடர் எரியும்போது டாங்கைக் கராஜுக்குள் கழற்றாதீர்கள்.

பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள், இன்ஜின் கணினியின் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். கேபினுக்குள் கம்பளம், அதற்கடியில் ஒட்டியிருக்கும் ஒலித்தடுப்புத் தார், கதவு ரப்பர் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். நான் ஓட்டுநர் பக்கக் கம்பளத்தை மட்டும் சுருட்டி ஓரமாக ஒதுக்கிவிட்டு வெல்டிங் செய்தேன். வேலை முடித்துக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கராஜில் கருகல் வாசனை. கம்பளத்தின் அடிப்பஞ்சு சுடரே இல்லாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது. வெல்டிங் முடித்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். பக்கத்தில் தீயணைப்பானும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும்.

5. கதவு வழியில் தாங்குதண்டு

கேபினின் விறைப்பில் பெரும்பங்கு தரைத் தகட்டில் இருக்கிறது. அதை வெட்டியவுடன் கேபின் விரியவோ சுருங்கவோ பார்க்கும். ஆகவே வெட்டுவதற்கு முன், கதவுகள் ஒழுங்காகச் சாத்துகின்றன என்று உறுதிசெய்துவிட்டு, ஒவ்வொரு கதவு வாசலிலும் ஓர் அங்குலச் சதுரக் குழாயை முன் தூணிலிருந்து பின் தூணுக்குப் பற்றவையுங்கள். இடவாசலிலிருந்து வலவாசலுக்கும் ஒன்று.

நான் ஓட்டுநர் பக்கம் வைத்தேன். பயணி பக்கம் "சின்ன வெட்டுதானே" என்று விட்டுவிட்டேன். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு அந்தக் கதவின் மேல் பின்மூலை ஐந்து மில்லிமீட்டர் வெளியே நின்றது. ஒட்டியதைப் பிரித்து, ஜாக் வைத்துத் தள்ளி, திரும்ப ஒட்ட மூன்று வார இறுதிகள் போயின. இருபது டாலர் குழாய் அந்த மூன்று வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

6. வெட்டுவதும் இறக்குவதும்

சேஸிஸ் தண்டுகளும் குறுக்குச் சட்டங்களும் எங்கே தரையைத் தொடப்போகின்றன என்று கீழிருந்து சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். பிளாஸ்மா வெட்டுக்கருவி இருந்தால் வேகம், கிரைண்டரும் போதும். ஒயர் கட்டும் பிரேக் குழாயும் தகட்டுக்கு மறுபக்கம் ஓடுகின்றன, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்காமல் வெட்டாதீர்கள்.

கேபினை நான்கு மூலையிலும் ஜாக்கில் தாங்கி, கேபினைச் சேஸிஸோடு பிடிக்கும் பழைய மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றி, ஒவ்வொரு மூலையாகக் கால் அங்குலம் கால் அங்குலமாக இறக்குங்கள். அவசரம் வேண்டாம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒருவர் இன்ஜின் பக்கமும் ஒருவர் அடியிலும் டார்ச் அடித்து, எது எதில் முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது; ஸ்டாண்டு கட்டாயம்.

உயரம் கிடைத்ததும் புதிய மவுண்ட்டுகளைச் செய்யுங்கள். இரண்டு அங்குலச் சதுரக் குழாய், எட்டில் ஒரு பங்கு அங்குலச் சுவர்க்கனம் எனக்குப் போதுமானதாக இருந்தது. மவுண்ட்டில் இருக்கும் ரப்பரை விட்டுவிடாதீர்கள். கேபினை நேராகச் சேஸிஸிலேயே பற்றவைத்தவர்களின் வண்டிகளில் மூலைகளில் விரிசல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். சாலையில் சேஸிஸ் முறுகும், அந்த முறுக்கு எங்காவது போக வேண்டும்.

தரையை மூட 16 அல்லது 18 கேஜ் தகடு. ஒரே இழுப்பில் நீளமாகப் பற்றவைத்தால் தகடு அப்பளம்போல் நெளியும். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்மூலையில், கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு அடுத்தது. பிறகு இணைப்புகளில் சீலர், அடியில் துருத்தடுப்புப் பூச்சு.

7. ஸ்டீயரிங், பிரேக், சீட் பெல்ட்

இந்த மூன்றில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்டீயரிங் தண்டு பாடியில் பிடித்திருக்கிறது, ஸ்டீயரிங் பெட்டி சேஸிஸில் பிடித்திருக்கிறது. பாடி இறங்கியதும் இரண்டுக்கும் இடையிலுள்ள தண்டின் நீளமும் கோணமும் மாறும். பழைய தண்டை வெட்டி முட்டவைத்துப் பற்றவைப்பது பலர் செய்யும் தவறு. அது ஒருநாள் வளைவில் விடும். சாலைப் பயன்பாட்டுக்கென்றே செய்த புதிய தண்டையும், கோணத்தில் நின்றும் சுழலும் யுனிவர்சல் ஜாயின்டுகளையும் வாங்குங்கள். இரண்டு ஜாயின்டு போட்டும் ஒன்றின் கோணம் 30 பாகையைத் தாண்டினால் மூன்றாவது ஜாயின்டும் நடுவில் ஒரு தாங்கு பேரிங்கும் போடுங்கள். சக்கரத்தை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்து, எங்கும் இறுக்கம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் பாடியோடு இறங்கிவிடும். பழைய உலோகக் குழாயை வளைத்துச் சமாளிக்காமல் புதிதாக இழுங்கள், முனைகளுக்கு இரட்டை மடிப்பு. ஜப்பானிய வண்டிகளின் நட்டுகள் மெட்ரிக் மரை. கடையில் சும்மா கேட்டால் அமெரிக்க மரையைக் கொடுத்துவிடுவார்கள், அதுவும் இரண்டு சுற்று ஏறி ஏமாற்றும்.

சீட் பெல்ட்டின் கீழ் போல்ட்டுகள் நீங்கள் வெட்டிய தரையில்தான் இருந்தன. புதிய தகட்டில் வெறும் ஓட்டை போட்டு மாட்டினால் மோதலில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். அடியில் கனத்த தாங்குதகடு வைத்து, அதைத் தரையின் குறுக்குக் குழாயோடு பற்றவைத்து, பழைய போல்ட்டின் அதே அளவுத் தரமான போல்ட்டைப் போடுங்கள். இருக்கைக் கால்களுக்கும் இதே விதி. இந்தப் பற்றவைப்புகளை நான் செய்யவில்லை. பக்கத்துத் தெருவில் தொழில்முறை வெல்டர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு 400 டாலர் கொடுத்துச் செய்வித்தேன். ஸ்டீயரிங்கையும் அவரே பார்த்துத் தலையசைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

8. இன்ஜின் முன்பக்கமும் பின்தொட்டியும்

ரேடியேட்டர் பாடியோடு சேர்ந்தது, விசிறி இன்ஜினோடு சேர்ந்தது. பாடி இறங்கினால் விசிறியின் இறக்கைகள் அதைச் சுற்றியுள்ள கூட்டின் மேற்பகுதியில் மோதும். சாவியைத் திருப்பிய நொடியில் பிளாஸ்டிக் துண்டுகள் பறக்கும். ரேடியேட்டருக்குத் தனித் தாங்கி செய்து பழைய உயரத்திலேயே நிறுத்தலாம், அல்லது மின்விசிறிக்கு மாறலாம். நான் மின்விசிறி போட்டேன்.

பின்தொட்டியின் தரையையும் அதே அளவு உயர்த்தி மூட வேண்டும். அது எளிய வேலை. இங்கே ஒளிந்திருக்கும் சிக்கல் பெட்ரோல் ஊற்றும் குழாய். டாங்க் சேஸிஸில் பழைய உயரத்தில் நிற்கிறது, ஊற்றும் வாய் தொட்டியின் பக்கத்தகட்டோடு கீழே வந்துவிட்டது. சரிவு குறைந்துபோய், பங்கில் துப்பாக்கியை அழுத்தியவுடன் அது "டக்" என்று நின்றுவிடும். நான்கு டாலருக்குப் போட அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். டாங்கைச் சற்று இறக்க முடியாவிட்டால் ஊற்றும் வாயைத் தொட்டிக்குள் மேலே மாற்றுங்கள்.

9. புகைச் சோதனையும் விளக்கு உயரமும்

கலிபோர்னியாவில் 1976 மாடலும் அதற்குப் பிந்தையவையுமான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை உண்டு. ரிவர்சைடு, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற மாவட்டங்களில் என் வண்டி வயதுடையவற்றை உருளைகள் மீது ஓட்டிச் சோதிப்பார்கள். ஏர் சஸ்பென்ஷனை முழுக்க உயர்த்தினால் உருளைமேல் ஏறுமா என்று வீட்டிலேயே பாருங்கள். 1995 வரையிலான வண்டிகளில் பெட்ரோல் டாங்கில் லேசான அழுத்தம் ஏற்றி ஆவி கசிகிறதா என்றும் பார்ப்பார்கள். இடத்தை மிச்சப்படுத்த, காற்றுத் துளை வைத்த பந்தய டாங்கை வாங்கிப் பொருத்தியவர்கள் தோற்பது இங்கேதான். பழைய டாங்க், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டி, அவற்றின் ரப்பர் குழாய்கள் எல்லாம் இருந்தபடி இருக்க வேண்டும். புகையைச் சுத்தம்செய்யும் கேட்டலிடிக் கன்வர்டரையும் இடம் மாற்றாதீர்கள். வண்டி ஏற்கெனவே சோதனையில் தடுமாறுகிறது என்றால் பாடியைத் தொடுவதற்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள். சான்றிதழ் 90 நாள்தான் செல்லும், சீக்கிரமே எடுத்து வைத்துப் பயனில்லை.

சக்கர விளிம்புக்குக் கீழே பாடி தொங்கக் கூடாது என்ற பழைய மாநிலச் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் விளக்கு உயர விதிகள் அப்படியே இருக்கின்றன: முகப்பு விளக்கு தரையிலிருந்து 22 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, பின்விளக்கு 15 அங்குலத்துக்கு, பின் எண்பலகை 12 அங்குலத்துக்கு. என் வண்டி படுத்திருக்கும்போது முகப்பு விளக்கு சுமார் 19 அங்குலம். நான்கு அங்குலம் தூக்கி ஓட்டும்போது 23. ஆகவே ஓட்டும் உயரத்தை அதற்குக் கீழே ஒருபோதும் வைப்பதில்லை, டாஷ்போர்டில் அழுத்தமானியில் அந்த இடத்துக்கு வெள்ளைக்கோடு போட்டிருக்கிறேன்.

10. செலவும் காலமும்

நான் கேட்ட மூன்று பட்டறைகள் 5,000 முதல் 9,000 டாலர் வரை சொன்னார்கள், பெயின்ட் சேர்க்காமல். நானே செய்ததில்: இரும்பும் தகடும் 340, வெல்டிங் கம்பியும் வாயுவும் 160, கிரைண்டர் வில்லைகள் 120, ஸ்டீயரிங் தண்டும் ஜாயின்டுகளும் 230, பிரேக் குழாய் 60, மின்விசிறியும் தாங்கியும் 210, பெட்ரோல் குழாய் வேலை 280, சீலரும் பூச்சும் 150. வெல்டருக்கு 400, சக்கர சீரமைப்புக்கு 120. மொத்தம் 2,070 டாலர். வெல்டிங் இயந்திரம் என்னிடம் இருந்தது. இல்லாதவர்கள் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வார இறுதிகளில் முடிப்பதாகத் திட்டம் போட்டேன். அளவும் கழற்றலும் மூன்று வாரம், வெட்டி இறக்கி மூடுவது ஐந்து வாரம், கதவுத் தவறு மூன்று வாரம், மற்றதெல்லாம் ஸ்டீயரிங், பிரேக், பெட்ரோல் குழாய். வேறு வண்டி இல்லாதவர்கள் வேலைக்குப் போகும் ஒரே பிக்கப்பை இதற்குக் கொடுக்காதீர்கள்.

11. முதல் நூறு மைல்

முதலில் தெருவுக்குள், நடை வேகத்தில், பத்து முறை பிரேக் அடித்துப் பாருங்கள். பிறகு இருபது மைல், வேகச் சாலை வேண்டாம். வந்து நின்றதும் அடியில் படுத்து, புதிய மவுண்ட் மூலைகளில் பூச்சு விரிந்திருக்கிறதா, பிரேக் நட்டுகளில் ஈரம் இருக்கிறதா, சக்கரம் எங்காவது உரசிப் பளபளப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். நூறு மைலில் எல்லா மவுண்ட் போல்ட்டுகளையும் டார்க் ரென்ச்சால் மறுபடி முறுக்குங்கள். என்னுடையவற்றில் மூன்று, கால் சுற்று ஏறின. முறுக்கிய ஒவ்வொன்றின் மீதும் நட்டிலிருந்து சட்டத்துக்கு ஒரே கோடாக மஞ்சள் பெயின்ட் இழுத்துவிடுங்கள். அடுத்த முறை குனிந்து பார்த்தவுடன் எது நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.